தாய்வழியில் தொடரும் தைனோ மக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் பூர்வகுடிகள் தைனோ மக்கள். 1493-இல் கொலம்பஸ் தமது இரண்டாவது பயணத்தில் அங்கே கரையிறங்கினார். 1508-இல் ஸ்பானியர்கள் குடியேறினார்கள். ஆற்று மணலில் தங்கம் அரிக்கத் தைனோக்களைப் பிடித்துச் சென்றார்கள். 1511-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், அடக்கப்பட்டார்கள். பிறகு பெரியம்மை வந்தது. அந்த நூற்றாண்டிலேயே தைனோ இனம் அழிந்துவிட்டது என்று எழுதி வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் காலங்காலமாக அப்படித்தான் படித்தார்கள்.

இந்த முடிவை அசைத்தவர் போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தின் மயாகுவேஸ் வளாகத்தைச் சேர்ந்த மரபியல் ஆய்வாளர் ஹுவான் கார்லோஸ் மார்ட்டினெஸ் குருசாதோ. அவர் எடுத்துக்கொண்டது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நம் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் 16,569 வேதி எழுத்துகள் கொண்ட ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் தனியாக இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனோடு நின்றுவிடும். மகள்தான் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறாள். எப்போதோ ஒரு முறை அதில் ஓர் எழுத்து மாறினால், அந்த மாற்றமும் மகள்வழியே தொடர்ந்து போகும். அமெரிக்கப் பூர்வகுடிகளின் தாய்வழிக் கிளைகள் ஐரோப்பியருடையவற்றிலிருந்தும் ஆப்பிரிக்கருடையவற்றிலிருந்தும் தெளிவாக வேறுபடுவது இப்படித்தான்.

2005-இல் வெளியான ஆய்வில், தீவெங்குமிருந்து தேர்ந்தெடுத்த 800 பேரில் 61 சதவீதத்தினரின் தாய்வழி அமெரிக்கப் பூர்வகுடி வழியாக இருந்தது. 27 சதவீதம் ஆப்பிரிக்க வழி. ஐரோப்பியத் தாய்வழி 12 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். அங்கே பூர்வகுடி வழி அநேகமாக இல்லை; பெரும்பகுதி ஐரோப்பிய வழி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஆண்களின் வழி அறுபட்டுப் போனது. பெண்கள், வந்தேறிய ஆண்களின் பிள்ளைகளைப் பெற்றார்கள். அதில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு வன்முறை என்பதை டி.என்.ஏ. சொல்லாது; வென்றவனுக்கும் தோற்றவளுக்கும் நடுவில் நடந்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

61 சதவீதம் என்றதும் மக்களின் மொத்த மரபணுவே அவ்வளவு என்று எண்ணிவிடாதீர்கள். முழு மரபணுத் தொகுதியில் பூர்வகுடிப் பங்கு சராசரியாக 15 சதவீத அளவில்தான். இருபது தலைமுறை பின்னால் போனால் மூதாதையர் இடங்கள் பத்து லட்சத்தைத் தாண்டும். மைட்டோகாண்ட்ரியா அவற்றில் ஒரே ஒருத்தியின் கதையைத்தான் சொல்கிறது. ஆதலால் ஒருவர் தைனோவா இல்லையா என்று தீர்ப்பளிக்க இதை அளவுகோலாக்குவதை நான் ஏற்கமாட்டேன். அந்த உரிமை அந்தச் சமூகத்துக்குரியது.

சரி, தைனோக்கள் எங்கிருந்து வந்தார்கள்? இதற்குத் தாய்வழி மட்டும் போதவில்லை. தைனோக்கள் வாழ்ந்த பஹாமாஸின் எலூத்தரா தீவிலுள்ள ஒரு குகையில் கிடைத்த, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு பெண்ணின் பல்லிலிருந்து முழு மரபணுத் தொகுதியையும் படித்து 2018-இல் வெளியிட்டார்கள். அவளுக்கு நெருங்கிய உறவினர் தென் அமெரிக்காவின் வடபகுதியில் அரவாக்க மொழிகள் பேசும் மக்கள். இன்றைய போர்ட்டோ ரிக்கோ மக்களிடமுள்ள பூர்வகுடி மரபணுப் பகுதியும் அவளுடையதோடு நெருங்கிய உறவு காட்டியது.

நன்றி, வணக்கம்.