வீடு கட்டி முடித்த பிறகு

பெரியோர்களே, நண்பர்களே,

நம் டெல்டாவில் நன்றாகச் சம்பாதித்து முடித்த ஒருவர் “எதிலும் பிடிப்பில்லை” என்று சொல்லிவிட்டால் போதும், உடனே பட்டினத்தாரைத் துணைக்கு அழைத்துவிடுகிறோம். காவிரிப்பூம்பட்டினத்துக்காரர் அல்லவா, நம் ஊர்ச் சொத்து! காதற்ற ஊசியும் கூட வராது என்பது சிங்கப்பூரில் முப்பது ஆண்டு உழைத்துத் திரும்பியவருக்கும் தெரியும். நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது? அதுதான் தெரியவில்லை. அதற்கு ஊசி பதில் சொல்லாது.

நான் அவரைத் திருவையாற்றுக்கு அழைத்துப் போவேன். கர்நாடக இசைப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878-ல் பிறந்தவர். மைசூரிலும் சென்னையிலும் பேரும் புகழும், வீடு, நகை, வருமான வரி கட்டும் அளவுக்கு வருவாய். தியாகராஜரின் சமாதி காவிரிக்கரையில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வருகிறது. அம்மையார் கிளம்பிவிட்டார். 1920-களில் கைப்பணத்தைப் போட்டு அங்கே கோயில் எழுப்பினார். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார். 1952-ல் கண்மூடும் வரை அந்த வேலை தீரவில்லை.

அவர் உலகைத் துறந்தவர் என்று மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்துக்கு ஏற்பாடு, கட்டடச் செலவு, பெரிய கட்சி சின்ன கட்சி என்று பிரிந்து நின்ற பாகவதர்களோடு மல்லுக்கட்டு: துறவிக்கு இத்தனை வேலையா?

நம் ஊர்களுக்கு வருவோம். மாடி வீடு, கிரானைட் திண்ணை, பூட்டிய கேட், பகலிலும் எரியும் வாசல் விளக்கு. கொல்லைக்குப் பின்னால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் இதையெல்லாம் தாண்டித்தான் போக வேண்டும். முன்பு குடிமராமத்து என்றால், ஊரே சேர்ந்து வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு இறங்குவார். உங்கள் வீட்டு முறைக்கு இன்று யார் இறங்குகிறார்?

நாகரத்தினம்மாளுக்குக் கடிதம் வந்தது. உங்களுக்கு யாரும் எழுதமாட்டார்கள். நீங்களாகத்தான் போய்க் கேட்க வேண்டும். போனால், பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. மண்வெட்டி பிடிக்கத்தான் ஆள் இல்லை.