தடம் போடப் பணம் வரும், வண்டி ஓட்ட யார் தருவார்?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பொதுப் போக்குவரத்து குறித்து, சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வேலை முடிந்து நேரே இங்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

ஈஸ்டர் நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போக பஸ் வாடகை பேசியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். காலையில் ஆட்களை இறக்கிவிட்டு வண்டி வெறுமனே திரும்பும். அந்த வெறும் ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் உரிமையாளர் விலை சொல்வார். இன்று நான் பேசப்போவது முழுக்க அந்த வெறும் ஓட்டத்தைப் பற்றியதுதான்.

இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம்மை வேலையிடத்திலிருந்து தூரத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தது. மேகசின் பாரக்ஸில் இருந்த நகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள் 1960களில் இங்கே வந்தது அப்படித்தான். ஆப்பிரிக்க மக்களைக் குடிவைத்த உம்லாசியும் குவாமாஷுவும் அதே கைவண்ணம். விளைவு என்ன? காலையில் எல்லாரும் ஒரே திசையில் போகிறோம், மாலையில் எல்லாரும் ஒரே திசையில் திரும்புகிறோம். வீடும் கடையும் தொழிற்சாலையும் கலந்து கிடக்கும் ஊரில் ஒரே இருக்கையில் வழிநெடுக மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள், மூன்று கட்டணம் வரும். இங்கே ஒரு இருக்கைக்கு ஒரே கட்டணம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். டவுனுக்கு 20 கிலோமீட்டர், பஸ் ஓட்ட கிலோமீட்டருக்கு 45 ராண்ட் என்று வையுங்கள். போய்வர 1,800 ராண்ட். போகும்போது 70 பேர், தலைக்கு 20 ராண்ட், ஆக 1,400. வரும்போது 8 பேர், 160. வண்டி நிரம்பி வழியும் நேரத்திலேயே 240 ராண்ட் துண்டு விழுகிறது. பத்து மணிக்குமேல் வண்டி ஷெட்டில் நிற்கும்போதும் கடன் தவணை, காப்பீடு, ஓட்டுநர் சம்பளம் எதுவும் நிற்பதில்லை. கட்டணத்தை உயர்த்திச் சரிக்கட்டலாம் என்றால், வருமானத்தில் பத்து விழுக்காட்டுக்குமேல் பயணத்துக்குப் போகக்கூடாது என்று 1996இல் வந்த தேசியப் போக்குவரத்து வெள்ளை அறிக்கையே சொல்கிறது. ஏழைக் குடும்பங்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன.

எனவே நல்ல பஸ் சேவை கேட்டு நாம் கூட்டணி கட்டும்போது முதலில் கேட்க வேண்டியது ஓட்டச் செலவு. சிமென்ட் தடத்துக்கும் நிலையத்துக்கும் தேசிய அரசின் பொதுப் போக்குவரத்து வலையமைப்பு மானியம் இருக்கிறது. அதை வாங்கக் கட்சிகள் போட்டி போடும், ரிப்பன் வெட்ட ஆள் வரும். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் டீசல் ஊற்ற யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. பஸ்ஸுக்கென்றே தனித் தடம் போடும் நகராட்சியின் கோ டர்பன் திட்டத்தைப் பாருங்கள். பைன்டவுனிலிருந்து பிரிட்ஜ் சிட்டி போகும் சி-3 தடத்தில் கான்கிரீட் காய்ந்து ஆண்டுகள் ஆயின. பஸ் ஓடும் என்று சொன்ன தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. அதைப் பார்த்து எனக்கு வருகிற கோபத்தை இந்த மேடையில் மறைக்க விரும்பவில்லை.

ஓட்டச் செலவுக்கு எங்கே தட்டுவது? பெட்ரோல் வரியில் பெருநகரங்களுக்கு ஒரு பங்கு உண்டு. 2006இல் வட்டார மன்ற வரியை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக 2009 முதல் தருகிறார்கள். அது நகராட்சியின் பொதுக் கணக்கில் விழுகிறது. பஸ்ஸுக்கு இவ்வளவு என்று எந்தச் சட்டமும் கட்டிவைக்கவில்லை, ஆண்டுதோறும் கேட்டு வாங்கவேண்டும். இரண்டாவது வழி, 2004ஆம் ஆண்டுச் சொத்துவரிச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. ஒரு பகுதியில் கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தை அங்கேயே செலவழிக்கலாம். ஆனால் வரி கட்டப்போகிறவர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும். பெரிய கடைவளாகங்களும் அலுவலகங்களும் உள்ள உம்லாங்கா போன்ற இடத்துக்கு இது பொருந்தும். சாட்ஸ்வொர்த்தில் போட்டால் ஓய்வூதியத்தில் வாழும் பாட்டிமேல்தான் விழும், அதை நான் ஆதரிக்கமாட்டேன்.

இப்போது டாக்சிக்கு, அதாவது பலர் சேர்ந்து போகும் மினிபஸ்ஸுக்கு வருவோம், நேரம் கூடுதலாக எடுத்தாலும் பரவாயில்லை. 2020ஆம் ஆண்டுத் தேசியப் பயணக் கணக்கெடுப்பில், பொதுப் போக்குவரத்தில் வேலைக்குப் போனவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் டாக்சியில் போனார்கள். டாக்சிக்காரர்களைச் சேர்க்காத கூட்டணி காகிதக் கூட்டணி. 2009ஆம் ஆண்டுத் தேசியத் தரைப்போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. ஏற்கெனவே அந்தத் தடத்தில் ஓட்டுகிறவர்களோடு, ஏலம் இல்லாமல், ஒரே ஒரு முறை, 12 ஆண்டுக்கு மிகாமல் ஒப்பந்தம் போடலாம். ஜோஹன்னஸ்பர்க்கில் ரேயா வாயா என்ற விரைவுப் பஸ் திட்டத்தின் முதல் கட்டத்தில் 585 டாக்சிகளை விலக்கிக்கொண்டு, உரிமையாளர்கள் ஒரு கம்பெனியாகச் சேர்ந்து பஸ் ஓட்ட வந்தது இந்த மாதிரி ஏற்பாட்டில்தான்.

இதில் சறுக்குவது எங்கே? பழைய வண்டியை உடைக்க ஊக்கத்தொகை 2006இல் 50,000 ராண்டாக இருந்து 2019இல் 124,000 ராண்ட் ஆனது. அது வண்டிக்கான விலை. டாக்சிக்காரரின் சொத்து வண்டியில் இல்லை, தட உரிமத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்தத் தடம் தரும் லாபத்தைக் கணக்கிட்டு ஈடு பேசாவிட்டால் யாரும் கையெழுத்திடமாட்டார். அடுத்து, பேச்சுவார்த்தை மேசையில் உட்காருபவர் உரிமையாளர், வேலை இழப்பவர் ஓட்டுநர். டாக்சி நிற்கும் ரேங்கில் வரிசை பார்க்கும் மார்ஷல், வண்டி கழுவும் பையன், வேகவைத்த சோளம் விற்கும் அம்மா, இவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. தடம் வாரியாக ஓட்டுநர் பெயர்ப் பட்டியலை ஒப்பந்தத்துக்கு முன்பே முடித்து, இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு எடுத்தால் பட்டியல் இரண்டு மடங்காக வீங்கிவிடும்.

கையெழுத்தாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்றும் இருக்கமுடியாது. கேப் டவுனில் கயேலிட்ஷாவையும் மிட்செல்ஸ் பிளெயினையும் நகரத்தோடு இணைத்த என்2 எக்ஸ்பிரஸ் பஸ் 2014இல் ஓடத் தொடங்கியது. ஒப்பந்தம் முடிந்தபோது பங்காளிகளுக்குள் உடன்பாடு வரவில்லை. 2019 மே மாதக் கடைசியில் நின்ற பஸ் 2022 பிப்ரவரியில்தான் திரும்ப வந்தது. பஸ் இருந்தது, நிலையம் இருந்தது, பயணிகள் இருந்தார்கள். பங்காளிச் சண்டையைத் தீர்க்கும் வழியும், பேச்சு முடியும்வரை பழைய நிபந்தனையிலேயே வண்டி ஓடும் என்ற வாசகமும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே இருக்கவேண்டும்.

வண்டி வாங்கும்போதும் ஒரு வார்த்தை. சாலை நடுவில் நிலையம் கட்டினால் பஸ்ஸுக்கு வலப்பக்கக் கதவும் உயர்ந்த தளமும் வேண்டும். அந்த வண்டி சாதாரண நிறுத்தத்தில் ஆளேற்ற முடியாது. இருபக்கமும் கதவுள்ள வண்டி கேளுங்கள். தடம் தாமதமானாலும் சாலையோரத்தில் ஓடும்.

நம்மூரில் யார் கையில் என்ன இருக்கிறது என்பதும் தெரியவேண்டும். சாட்ஸ்வொர்த் ரயில் பாதை தேசிய அரசின் பயணிகள் ரயில் நிறுவனமான பிரசாவிடம். மானியப் பஸ் மாகாணத்திடம். டாக்சி உரிமம் மாகாண ஒழுங்குமுறை அமைப்பிடம். சாலையும் பஸ் தடமும் நகராட்சியிடம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ரயில் பாதைகள் சிதைந்தபோது நகராட்சி வாசலில் போய்க் கத்தியவர்கள் தவறான கதவைத் தட்டினார்கள்.

நகராட்சிக் கதவைத் தட்ட நாள் பார்த்துப் போகவேண்டும். நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. வரைவு பட்ஜெட் மார்ச் கடைசிக்குள் மன்றத்தில் வைக்கப்படும், மே கடைசிக்குள் ஒப்புதலுக்கு வரும். நம் எழுத்துக் கோரிக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் போய்ச் சேரவேண்டும், மன்றம் அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும். ஜூனில் ஊர்வலம் போனால் மேளச் செலவுதான் மிச்சம். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தத்துக்கும் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, மன்றக் கூட்டத்துக்கு 60 நாள் முன்பே வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கவேண்டும். ஓட்டுநர் பட்டியல் இருக்கிறதா, பேச்சு முடியும்வரை வண்டி ஓடும் என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்க்க அந்த 60 நாள்தான் நமக்கு வாய்ப்பு.

வாக்கையும் எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். 2021 தேர்தலில் வந்த இத்தெக்வினி மன்றத்தில், அதாவது நம் டர்பன் நகராட்சி மன்றத்தில், 222 இடங்கள், எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. அரசியலமைப்பின் 160ஆம் பிரிவுப்படி பட்ஜெட்டுக்கு மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை, அதாவது 112 ஆதரவு வாக்கு வேண்டும். வராமல் இருந்தவர் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம். ஆகவே ஒரு வார்டு கவுன்சிலரைப் பிடித்து மாலை போட்டால் போதாது. சாட்ஸ்வொர்த்தும் வெல்பெடாக்டும் உம்லாசியும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கடிதம் சூலு மொழியிலும் ஆங்கிலத்திலும் போகட்டும். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நமக்கும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் நடுவே விழுந்த பிளவு இன்னும் ஆறவில்லை. ஒரே பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறவர்கள் ஒரே மேசையில் உட்காருவது எனக்குப் பட்ஜெட்டைவிட முக்கியம்.

இது முடியாத காரியம் இல்லை. 2009இல் வார்விக் சந்திப்பின் அதிகாலைச் சந்தையை எடுத்துவிட்டுக் கடைவளாகம் கட்ட நகராட்சி முனைந்தபோது, நம் காய்கறிக்காரர்களும் ஆப்பிரிக்கத் தெருவோர வியாபாரிகளும் வழக்கறிஞர்களும் கட்டடக் கலைஞர்களும் ஒன்றாக நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. ஒன்றைத் தடுக்க ஒன்றுகூட நமக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றை ஓடவைக்கவும் அப்படியே கூடவேண்டும்.

முதல் வேலை பயணிகளை எண்ணுவது. வாசலில் தாள் வைத்திருக்கிறோம். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள், காலை 5 முதல் 8 வரை, ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு பேர். ஒருவர் வண்டி வந்த நேரத்தையும் ஏறியவர் எண்ணிக்கையையும் பதினைந்து நிமிடக் கட்டத்தில் குறிக்கட்டும், மற்றவர் இடமில்லாமல் நின்றுபோனவர்களை எண்ணட்டும். பள்ளி விடுமுறையும் மாதக் கடைசிச் சம்பள வாரமும் வேண்டாம், அந்த நாட்களின் கணக்கை அதிகாரிகள் தள்ளிவிடுவார்கள். டாக்சிக்காரரிடம் முந்தின நாளே போய் எதற்காக எண்ணுகிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஆர். கே. கான் மருத்துவமனை நிறுத்தத்துக்கு இன்னும் ஆள் தேவை, அங்கே முதல் ஷிப்ட் செவிலியர்களுக்காக நாலரைக்கே தொடங்கவேண்டும்.