கிலோடோவா ஏரி: இறங்குறது ஈஸி, ஏறுறதுலதான் இருக்கு விஷயம்

வணக்கம் மக்களே. கேமராவ அப்படியே திருப்புறேன், பாருங்க. இதான் கிலோடோவா. ஈக்வடார், கோட்டோபாக்சி மாகாணம். சுமார் 800 வருஷத்துக்கு முன்னாடி பெருசா வெடிச்சு, மேல்பகுதி அப்படியே உள்ள சரிஞ்ச எரிமலை இது. அந்தப் பள்ளம் சுமார் 3 கிலோமீட்டர் அகலம். ஏரியோட ஆழம் சுமார் 250 மீட்டர். பச்சை நிறத்துக்குக் காரணம் தண்ணியில கரைஞ்சிருக்கிற தாதுக்கள். ஆனா வெயில் விழணும். மேகம் மூடுச்சுன்னா வெறும் சாம்பல் கலர்தான். அதனால காலையிலயே வந்துடுங்க.

தலைநகர் கீட்டோல கிட்டும்பே பஸ் ஸ்டாண்ட்ல ஏறி லட்டகுங்கா ஊர், அங்க பஸ் மாறி ரெண்டு மணி நேரத்துல இங்க. நேர் பஸ் கிடைக்கலன்னா சும்பாவ்வா வரைக்கும் வந்து, அங்கேர்ந்து பிக்கப் வண்டி பிடிக்கலாம். இறங்கின உடனே திரும்புற கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வச்சுக்குங்க. இந்த நாட்டுல அமெரிக்க டாலர்தான் பணம். 1, 5, 10 டாலரா மாத்திட்டு வாங்க, 50, 100 நோட்டுக்கு இங்க சில்லறை கிடைக்கிறது கஷ்டம்.

இப்ப முக்கியமான விஷயம். நாம நிக்கிற இடம் கிட்டத்தட்ட 3,850 மீட்டர் உயரம். கடல் மட்டத்துல ஒரு மூச்சுல கிடைக்கிற ஆக்சிஜன்ல மூணுல ரெண்டு பங்குகூட இங்க கிடைக்காது. விமானத்துல வந்து இறங்கின மறுநாளே இங்க வராதீங்க. கீட்டோவோ லட்டகுங்காவோ, ரெண்டுமே 2,800 மீட்டர் வாக்குல இருக்கு, அங்க ரெண்டு மூணு ராத்திரி தங்கிட்டு வாங்க.

ஏரிக்கு இறங்க அரை மணி, முக்கால் மணி ஆகும். அதுலதான் ஏமாந்துடுவாங்க, ‘அட, இவ்ளோதானா’ன்னு. ஏற ஒரு மணியிலேர்ந்து ரெண்டு மணி நேரம்! பாதை முழுக்க எரிமலைச் சாம்பலும் நுரைக்கல் மணலும். ஒரு அடி வச்சா அரை அடி பின்னால சறுக்கும். வழவழப்பான அடிப்பாகம் இருக்கிற ஷூ வேலைக்கே ஆகாது. இருபது அடி வச்சு, நின்னு, மூச்சு சீராகி, மறுபடி நடங்க. வேகமா ஏறுனா பாதியில தலைவலி பிடிச்சுக்கும். தலைவலியோட வாந்தியும் வந்தா, மேல வந்ததும் ரூமுக்குப் போய்ப் படுக்காதீங்க, வண்டி பிடிச்சு லட்டகுங்காவுக்கு இறங்கிடுங்க.

முடியலன்னா கோவேறு கழுதை வாடகைக்கு இருக்கு. விலைய ஏறுறதுக்கு முன்னாடியே பேசிக்குங்க. நடக்கும்போது கழுதைங்க எதிர்ல வந்தா மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்க, பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

தண்ணி ஆளுக்கு ஒன்றரை லிட்டர். ஏரித் தண்ணி குடிக்க ஆகாது. அடியிலேர்ந்து எரிமலை வாயு இன்னும் கசிஞ்சுட்டுதான் இருக்கு. குளிக்கவும் இறங்காதீங்க, ஜில்லுன்னு இருக்கும், கரை தாண்டினா சட்டுனு ஆழம். கயாக் எடுக்கலாம்.

குளிருதேன்னு சன்ஸ்கிரீனை விட்டுடாதீங்க. பூமத்திய ரேகை பக்கத்துலயே இருக்கு, உயரமும் சேர்ந்து சீக்கிரமே மூக்கு வெயில்ல சிவந்துடும். கனெலாசோன்னு லவங்கப்பட்டை போட்ட சூடான பானம் விப்பாங்க. அதுல சாராயம் கலக்குறது வழக்கம், ஏறி முடிக்கிற வரைக்கும் தொடாதீங்க.

விளிம்பைச் சுத்தி வரவும் பாதை இருக்கு. நாலு மணியிலேர்ந்து ஆறு மணி நேரம் ஆகும். பனிமூட்டம் வந்தா மட்டும் போகாதீங்க, சில இடத்துல ஓரம் அரிச்சுப் போயிருக்கு.

சரி, மணி ஒன்பது. மேகம் ஏறுறதுக்குள்ள இறங்கிடலாம், வாங்க.