எர்ணாவூர் உப்புக்காற்றில் பெரோவ்ஸ்கைட் பேனல் தாங்குமா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு வடசென்னைக் கடலோரம் எர்ணாவூரில், மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். கடல் காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சோலார் பற்றிய வீடியோவை ஏசி ரூமில் உட்கார்ந்து பேச எனக்கு மனசு வரவில்லை.

"சூரிய மின்கலத்தில் புதிய உலக சாதனை, 34 சதவீதம்" என்று வருகிற செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உண்மையான செய்திதான். வழக்கமான பேனல்களில் இருக்கும் சிலிக்கானுக்கு மேலே பெரோவ்ஸ்கைட் என்ற புதுப் பொருளைப் பூசிச் செய்த கலம் அது. சீனாவின் லாங்கி நிறுவனம் 2023-ல் 33.9 சதவீதம் தொட்டது, 2024-ல் 34.6, 2025-ல் 34.85. அதாவது மேலே விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கரண்டாக மாறுகிறது. நம் தெருவில் மாட்டியிருக்கும் பேனல்கள் 20, 22 சதவீதம் கொடுத்தாலே பெரிது. ஆனால் அந்தச் செய்திகள் ஒன்றை மட்டும் சொல்வதில்லை. அந்தச் சாதனைக் கலத்தின் அளவு ஒரு சதுர சென்டிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் நகத்தளவு. அதை அளந்தது ஆய்வுக்கூடத்தில், 25 டிகிரியில். எர்ணாவூரில் கலத்தின் சூடு 25 டிகிரியில் நிற்கிற நண்பகல் எந்த மாதத்தில் வருகிறது?

சரி, முதலில் ஒன்றைச் செய்து காட்டுகிறேன். கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். இது சாதாரண சிவப்பு எல்.ஈ.டி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. உடம்பு நிறமில்லாத கண்ணாடி மாதிரி இருக்கிற வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், அப்போதுதான் வெளிச்சம் உள்ளே போகும். இதன் இரண்டு காலிலும் மல்டிமீட்டர் முனைகளை வைக்கிறேன். பேட்டரி எதுவும் இல்லை. இப்போது தலையைச் சூரியனுக்கு நேராகத் திருப்புகிறேன். பார்த்தீர்களா, ஒன்றரை வோல்ட் பக்கம் வந்துவிட்டது. கையை வைத்து மறைத்தால் விழுகிறது. எடுத்தால் ஏறுகிறது.

வெளிச்சம் கொடுப்பதற்காகச் செய்த பொருள், வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மின்னழுத்தம் தருகிறது. கரண்ட் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் வரும், இதை வைத்து ஒன்றும் ஓட்ட முடியாது. ஆனால் இயற்பியல் இதற்குள்தான் இருக்கிறது. எல்.ஈ.டியில் எலக்ட்ரான் ஒரு மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்கும்போது ஒளி வெளியே வருகிறது. சூரிய மின்கலத்தில் ஒளி வந்து எலக்ட்ரானை மேலே ஏற்றுகிறது. அந்த இரண்டு மட்டத்துக்கும் நடுவில் இருக்கும் ஆற்றல் இடைவெளியைத்தான் பேண்ட் கேப் என்கிறார்கள். சிலிக்கானில் அது 1.1 எலக்ட்ரான் வோல்ட், அதாவது எலக்ட்ரான் அளவிலான ஆற்றலை அளக்கிற அலகில். இந்தச் சிவப்பு எல்.ஈ.டியில் 1.9 பக்கம். அதனால்தான் ஒரு சிலிக்கான் கலம் 0.6, 0.7 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது, இந்தப் பொடி எல்.ஈ.டி ஒன்றரையைத் தொடுகிறது.

ஆய்வுக்கூடங்களில் இதையே சோதனையாகவும் பயன்படுத்துகிறார்கள். புதிதாகச் செய்த கலத்தின் மேல் ஒளி பாய்ச்சி, அது எவ்வளவு பளிச்சென்று திரும்ப ஒளிர்கிறது என்று படம் எடுப்பார்கள். ஒளிராத இடத்தில் எலக்ட்ரான் எங்கோ ஒரு பழுதில் சிக்கி, வெறும் சூடாகிப் போகிறது என்று அர்த்தம். நல்ல சூரிய மின்கலம் என்றால் அது நல்ல எல்.ஈ.டியாகவும் இருந்தாக வேண்டும். அதனால்தான் சோலார் ஆராய்ச்சியையும் ஒளிமின்னணு ஆராய்ச்சியையும் பல இடங்களில் ஒரே குழுவினர் செய்கிறார்கள்.

இப்போது பெரோவ்ஸ்கைட்டுக்கு வருவோம். இந்தப் பெயரில் முதலில் கிடைத்த கனிமம் கால்சியம் டைட்டனேட், 1839-ல் யூரல் மலையில் குஸ்டாவ் ரோஸ் கண்டுபிடித்தது. சோலார்காரர்கள் பயன்படுத்துவது அது இல்லை, அதே அணு அடுக்கு கொண்ட வேறு பொருள். நடுவில் ஈயம், அதைச் சுற்றி ஆறு அயோடின், இப்படி எண்முகங்களாக மூலையோடு மூலை கோத்துக்கொண்டு போகும். இடைவெளிக் குழிகளில் சீசியமோ ஒரு சின்ன கரிம அயனியோ உட்கார்ந்திருக்கும். 2009-ல் ஜப்பானில் மியாசாகாவின் குழு இதை வைத்து ஒரு கலம் செய்தபோது கிடைத்தது 3.8 சதவீதம். 2012-ல் தென் கொரியாவில் நாம்-க்யூ பார்க், ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெயித் ஆகியோரின் குழுக்கள் 10 சதவீதம் பக்கம் கொண்டுவந்தன. இன்றைக்குச் சிலிக்கான் சேராத தனிப் பெரோவ்ஸ்கைட் கலமே 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கானுக்கு இந்த இடத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

செய்யும் முறைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சிலிக்கானை 1414 டிகிரியில் உருக்கி, படிகமாக இழுத்து, மெல்லிசாக அறுக்க வேண்டும். அறுத்த பிறகும் 150 மைக்ரான் கனம் இருக்கும். பெரோவ்ஸ்கைட்டுக்கு உப்புகளைக் கரைப்பானில் கரைத்து, கண்ணாடி மேல் ஊற்றி, வேகமாகச் சுழற்றி, 100, 150 டிகிரி சூட்டில் வைத்தால் போதும். மஞ்சளாக இருந்த படலம் கண் முன்னால் கருப்பாக மாறும். கனம் அரை மைக்ரான். அந்த அரை மைக்ரானே தனக்கு வேண்டிய வெளிச்சம் அத்தனையையும் உறிஞ்சிவிடுகிறது.

இன்னொரு வசதி, பேண்ட் கேப்பை இஷ்டத்துக்கு மாற்றலாம். அயோடினை எடுத்துவிட்டு புரோமினைச் சேர்க்கச் சேர்க்க 1.6-லிருந்து 2.3 எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் ஏறும். 34 சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் வித்தை இதுதான். நீல ஒளியின் ஒரு ஃபோட்டான், அதாவது ஒரு ஒளித்துகள், கிட்டத்தட்ட 2.7 எலக்ட்ரான் வோல்ட்டோடு வருகிறது. சிலிக்கான் அதில் 1.1-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சூடாக விட்டுவிடும். அதனால் சிலிக்கானுக்கு மேலே பெரோவ்ஸ்கைட் படலம் ஒன்றைப் பூசிவிட்டார்கள். காசிமேட்டு மீன்பிடி ஆட்களுக்குச் சொல்வதென்றால், முன்னால் பெரிய கண்ணி வலை, பின்னால் சின்னக் கண்ணி வலை. ஆற்றல் அதிகமான நீல, பச்சை ஃபோட்டான்கள் முன்வலையில் நல்ல விலைக்கு மாட்டும். சிவப்பின் கடைசியும் அகச்சிவப்பும் நழுவி வந்து பின்னால் சிலிக்கானில் மாட்டும். தனிச் சிலிக்கானுக்குக் கோட்பாட்டளவில் 29.4 சதவீதம்தான் உச்சவரம்பு. இரட்டை அடுக்குக்கு அது 40-ஐத் தாண்டும்.

நம் ஏரியாவுக்கு இது ஏன் முக்கியம் என்றால், இடம் கிடையாது. தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, வியாசர்பாடி, எங்கே போனாலும் மாடியில் சின்டெக்ஸ் டேங்க், துணி கட்டும் கொடி, மேல்வீட்டுக்காரர் போட்ட ஷீட் கொட்டகை. 3 கிலோவாட் போட 250, 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். அது இருக்கிற வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரே பேனல் ஒன்றரை மடங்கு கரண்ட் கொடுத்தால் கணக்கே மாறிப்போகும். ஆக, திறன் சதவீதம் நமக்குத் தேவையில்லாத விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் பார்க்கும் எண் வேறு. 85.

பேனல்களுக்கு ஐ.இ.சி 61215 என்று ஒரு தரச் சோதனை இருக்கிறது. அதில் ஒரு பகுதி, 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம். அந்தப் பெட்டிக்குள் பேனலைப் போட்டு, வெளியே எடுத்து, எவ்வளவு திறன் போய்விட்டது என்று அளப்பார்கள். 5 சதவீதத்துக்கு மேல் போனால் ஃபெயில். சிலிக்கான் பேனல்கள் இதைப் பல காலமாகத் தாண்டி வருகின்றன. பெரோவ்ஸ்கைட் ஆய்வுக்கூடங்கள் இன்றைக்கும் மல்லுக்கட்டுவது இதோடுதான்.

காரணம் அந்த அணு அடுக்கிலேயே இருக்கிறது. கரைத்து ஊற்றி 100 டிகிரியில் உருவாகிற பொருள், ஈரமும் சூடும் சேர்ந்தால் அதே சுலபத்தில் பிரியவும் செய்யும். கருப்புப் படலம் ஓரத்திலிருந்து மஞ்சளாக ஆரம்பித்தால் ஈய அயோடைடாகப் பிரிகிறது என்று பொருள், அல்லது ஒளியை உறிஞ்சாத வேறொரு படிக வடிவத்துக்கு மாறுகிறது. இரண்டில் எதுவானாலும் கரண்ட் போச்சு. அப்புறம் அயோடின் சும்மா இருக்காது, வெயில் பட்டால் படலத்துக்குள்ளேயே நகரும். புரோமினும் அயோடினும் கலந்த வகையில் வெளிச்சம் பட்டதும் இரண்டும் தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்துகொள்ளும். இதை 2015-ல் ஹோக் என்பவரின் ஆய்வுக்கட்டுரை காட்டியது. சோலாருக்கான பொருள் வெளிச்சம் பட்டால் கலைகிறது என்றால் என்ன செய்வது!

இங்கே மார்கழி காலையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். சித்திரை வெயிலில் மாடிப் பேனலின் சூடு 60 டிகிரிக்கு மேல் போகும். இதற்கு நடுவில் உப்பு வேறு. இதைப் பாருங்கள், மாடிப்படிக்கு மேல் மாட்டியிருந்த மலிவு சோலார் விளக்கு. நிறுவனப் பெயரைச் சொல்லவில்லை. முன்னால் இருக்கிற பிளாஸ்டிக் பாலாடை நிறத்துக்குப் போய்விட்டது. ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் ஏடாக உரிகிறது. பின்னால் திறந்தால் செப்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு மட்டும் இன்னும் நல்லாத்தான் இருக்கிறது, முனையை வைத்தால் வோல்ட் காட்டுகிறது. போனது உறையும் இணைப்பும்தான். சிலிக்கானாக இருந்ததால் பிழைத்தது. பெரோவ்ஸ்கைட்டாக இருந்திருந்தால் அந்த உறை உரிந்த அன்றைக்கே அதற்குக் கருமாதி.

இதற்கு என்ன வழி பார்க்கிறார்கள்? ஒன்று, அடைப்பு. முன்னும் பின்னும் கண்ணாடி, சுற்று ஓரம் முழுக்க பியூட்டைல் ரப்பர். இரண்டு, பொருளையே மாற்றுவது. குழிகளில் உட்காரும் கரிம அயனிகளில், சூட்டில் ஓடிப்போகும் மெத்தில் அமோனியத்தைக் குறைத்து, சீசியமும் ஃபார்மமிடினியமும் சேர்ப்பது. மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை அழகான வேலை. படலமும் மின்முனையும் சந்திக்கிற இடத்தில் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்கு ஒரு அடுக்கு போடுகிறார்கள். அந்த மூலக்கூறுகள் ஒரு முனையால் அடியைப் பிடித்துக்கொண்டு தாமாகவே வரிசையாக நின்றுவிடும். 2020-ல் பெர்லினின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையம் இந்த வழியில் இரட்டை அடுக்குக் கலத்தை 29.15 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அதே வருஷம் உலகம் முழுக்க இருக்கும் ஆய்வாளர்கள் சேர்ந்து, ஆயுள் சோதனையை எல்லோரும் ஒரே முறையில் செய்ய வேண்டும் என்று விதிகள் வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் ஆளாளுக்கு ஒரு வெளிச்சத்தில், ஒரு சூட்டில் வைத்துப் பார்த்து "1000 மணி நேரம் தாங்கியது" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

விற்பனைக்கும் வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்ட் பிவி நிறுவனம் 2024 செப்டம்பரில் முதல் வணிகப் பேனல்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. திறன் 24.5 சதவீதம். 34 எங்கே, 24.5 எங்கே என்று கேட்பீர்கள். நகத்தளவிலிருந்து ஆள் உயரத்துக்கு வந்து, அடைப்பு போட்டு, ஆயுளுக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அங்கேதான் வந்து நிற்கும். எனக்கு 34-ஐ விட இந்த 24.5 மேல்தான் மரியாதை.

ஈயம் பற்றிப் பேசாமல் விட்டால் நம்ம ஆட்கள் விட மாட்டார்கள், விடவும் கூடாது. வடக்கே அத்திப்பட்டு புகைபோக்கிகள் தெரிகின்றன. எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை நிலையத்தின் முதல் இரண்டு கட்டம் மட்டும் 1830 மெகாவாட். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்த கதை உங்களுக்கே தெரியும். சுத்தமான மின்சாரம் என்று சொல்லி இன்னொரு குப்பையை நம் தலையில் கட்டிவிடக் கூடாது. கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டர் பெரோவ்ஸ்கைட் படலத்தில் ஒரு கிராமுக்கும் குறைவான ஈயம்தான் வரும். உங்கள் வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியில் கிலோ கணக்கில் இருக்கிறது. ஆனால் இரண்டையும் அப்படியே நேருக்கு நேர் வைக்க முடியாது. பெரோவ்ஸ்கைட்டில் இருப்பது தண்ணீரில் கொஞ்சம் கரைகிற ஈய உப்பு. புயலில் பேனல் உடைந்து மழையில் கிடந்தால் ஓடுகிற நீரோடு போகும். பேனலுக்குள்ளேயே ஈயத்தைப் பிடித்து வைக்கும் அடுக்குகளைச் சோதித்து, உடைத்துப் பார்த்ததில் பெரும்பகுதி வெளியே போகாமல் நின்றது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அது மட்டும் போதாது. உடைந்த பேனலை விற்றவனே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே பழைய இரும்புக்கடையில்தான் போய்ச் சேரும், அங்கே அதைச் சுத்தியலால்தான் பிரிப்பார்கள்.

அப்போ இப்போது மாடியில் பேனல் போடலாமா, இதற்காகக் காத்திருக்கலாமா? காத்திருக்க வேண்டாம். சிலிக்கானே போடுங்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை இருக்கிறது. போடும்போது விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஐ.இ.சி 61701 சான்றிதழ் இருக்கிறதா? அது உப்புப் புகைச் சோதனை, திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அடுத்தது, ஸ்டாண்டுக்கு என்ன போல்ட் போடுகிறீர்கள்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316 என்று சொன்னால் சரி. "எல்லாம் நல்ல போல்ட்தான் சார்" என்று சொன்னால் ஒரு போல்ட்டைக் கையில் வாங்கி, தலையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள்.