'திற' என்று மட்டும் சொன்னால் போதாது

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தோட்டம் ஆனைமலைப் பக்கம். ஐந்து ஏக்கர் தென்னை. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், மொத்தம் 350 மரம். சொட்டுநீர் போட்டிருக்கிறோம். மணிக்கு 8 லிட்டர் விடுகிற டிரிப்பர் மரத்துக்கு நான்கு. கோடையில் மரம் ஒன்றுக்கு நாளைக்கு 65 லிட்டர் என்று வைத்தால் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். போர் தண்ணீர் எல்லா மரத்துக்கும் ஒரே நேரத்தில் எட்டாது. அதனால் தோப்பை நான்காகப் பிரித்து நான்கு வால்வு வைத்திருக்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒன்றைத் திறந்து இன்னொன்றை மூட வேண்டும்.

திரீ பேஸ் கரண்ட் இரவில் வந்தால் இது என்ன பாடு என்பது விவசாயம் பார்க்கிற நேயர்களுக்குத் தெரியும். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் தடி. காய்ந்த ஓலைக்கு அடியில் விரியன் படுத்திருந்தாலும் தெரியாது. எழுபது வயதைத் தாண்டிய அப்பா இப்படித்தான் ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்து போய்க்கொண்டிருந்தார். மோட்டாரைப் போட செல்போன் ஸ்டார்ட்டர் வந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் வால்வைத் திருப்ப ஆள்தான் போக வேண்டியிருந்தது. அதற்கு நானே செய்துகொண்ட ஏற்பாட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் மோட்டார் ரூமிலிருந்து வால்வுகளுக்கு வயர் இழுத்துத்தான் பார்த்தேன். காட்டுப்பன்றி கிளறியது, எலி கடித்தது, ரோட்டவேட்டர் ஓட்டும்போது இரண்டு இடத்தில் அறுந்தது. அதைவிடப் பெரிய தொல்லை இடி. மண்ணுக்குள் நீளமாக ஓடுகிற வயர், பக்கத்தில் எங்கோ விழுந்த இடியின் தாக்கத்தையும் மோட்டார் ரூம் வரைக்கும் கொண்டுவந்துவிடும். அப்புறம்தான் கம்பியில்லாத வழிக்கு வந்தேன்.

வீட்டு வைஃபை தோப்புக்குள் தாங்காது. அதன் அலைவரிசை 2.4 கிகாஹெர்ட்ஸ், ஈரமான இலையும் தண்டும் அதை உறிஞ்சிவிடும். நான் எடுத்தது லோரா என்கிற ரேடியோ முறை. நிதானமாகப் பேசும், ஆனால் தூரம் போகும். ஒரு வால்வுக்குச் சொல்ல வேண்டியது நாலைந்து எழுத்துதானே, வேகம் எதற்கு? நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, சக்தி வரம்புக்குள் இருந்தால், தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். கடையில் 433, 868, 915 என்று மூன்று விதமாக லோரா விற்கிறது. 868 என்று போட்டதை வாங்கி 866-இல் வைத்துக்கொள்ளுங்கள். 915 அமெரிக்காவுக்கு உரியது. 866-க்கு, அலை நீளத்தில் கால் பங்கு உள்ள ஆன்டெனா எட்டரை சென்டிமீட்டர் கம்பிதான். தென்னந்தோப்பில் ஒரு வசதி உண்டு: ஓலையெல்லாம் உச்சியில், ஆள் உயரத்தில் வெறும் தண்டுதான். ஆன்டெனாவை எட்டடிக் கம்பத்தில் வைத்ததும் கடைசி வால்வு வரைக்கும் தடையில்லாமல் கேட்டது.

வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரண்டில் திறக்கிற சாதாரண சோலினாய்டு வால்வு திறந்திருக்கும் நேரம் முழுவதும் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு அது ஆகாது. லாட்சிங் சோலினாய்டு என்று கேட்டு வாங்குங்கள். தாழ்ப்பாள் மாதிரி வேலை செய்யும். 12 வோல்ட்டை விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் கொடுத்தால் திறந்துகொள்ளும். பிளஸ் மைனஸை மாற்றி அதே அளவு கொடுத்தால் மூடிக்கொள்ளும். இடையில் கரண்டே வேண்டாம், உள்ளே இருக்கிற காந்தம் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போதும். அதை 12 வோல்ட்டாக ஏற்றி கரண்டைச் சேர்த்து வைக்கிற ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்பி, ஒரே மூச்சில் வால்வுக்கு விடுகிறோம். நிழலில் இருக்கிற சின்ன சோலார் தகடே அதை ஈடுகட்டிவிடும். ஆனால் பெட்டிக்கு மூளையாக இருக்கிற மைக்ரோ கன்ட்ரோலர் போர்டில் எப்போதும் எரிகிற குட்டி விளக்கைக் கழற்றிவிடுங்கள். சிப் தூங்கினாலும் அந்த விளக்கும் போர்டின் ரெகுலேட்டரும் விழித்திருந்து பேட்டரியைத் தின்றுவிடும். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் இதெல்லாம் அடங்கிய ஒரு பெட்டி இருக்கிறது. அது நிமிடத்துக்கு ஒரு தடவை விழித்து, 'எனக்கு ஏதாவது சேதி உண்டா?' என்று மோட்டார் ரூமில் உள்ள பெட்டியைக் கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கும். பாசனத்தில் ஒரு நிமிடத் தாமதம் ஒன்றும் செய்யாது.

இதுவரை சொன்னதை யாரும் ஒரு மாதத்தில் செய்துவிடலாம். எனக்கு ஒரு கோடை முழுக்கப் பிடித்தது வேறு விஷயம். நான் முதலில் 'திற', 'மூடு' என்று இரண்டு கட்டளைதான் வைத்திருந்தேன். ஒருநாள் ராத்திரி மூன்றாவது வால்வு திறந்த பிறகு, மட்டை விழுந்து அந்தப் பெட்டியின் ஆன்டெனா ஒடிந்துவிட்டது. 'மூடு' போய்ச் சேரவில்லை. தாழ்ப்பாள் போட்ட மாதிரி வால்வு திறந்தபடியே நின்றது. நான்காம் பகுதியும் திறந்ததும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, அந்த மரங்களுக்குப் பாதிகூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு 'மூடு' என்ற சொல்லை நம்புவதை விட்டுவிட்டேன். இப்போது போகிற கட்டளை, 'திற, கால் மணி நேரத்துக்கு' என்பது. கால் மணி ஆவதற்குள் மோட்டார் ரூமிலிருந்து மறுபடி அனுமதி வர வேண்டும். வராவிட்டால் பெட்டி தானாகவே மூடிக்கொள்ளும். மூடுவதற்கு என்றே தனியாக ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அது நிரம்பாமல் வால்வைத் திறக்கவே திறக்காது.

கரண்ட் போகிற சிக்கலும் இதிலேயே தீர்ந்தது. இரண்டு மணி நேரம் என்று கடிகாரத்தை மட்டும் நம்பினால், நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாதபோது வால்வு சும்மா திறந்திருக்கும், மரம் அரை வயிறுதான் குடிக்கும். இப்போது மோட்டார் ரூமில் உள்ள பெட்டி, தண்ணீர் ஓடுகிற நிமிடத்தை மட்டுமே எண்ணுகிறது. கரண்ட் போனால் அனுமதி நின்றுவிடும். வந்ததும் மீதி நிமிடத்துக்கு அதே வால்வு திறக்கும்.

ஒன்றை மறக்கவே கூடாது. மோட்டார் ஓடும்போது எல்லா வால்வும் மூடியிருந்தால் குழாய் தாங்காது. ஒருமுறை நான் முந்தைய வால்வை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிற மாதிரி எழுதிவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு மெயின் லைனில் பெண்டு பிடுங்கிக்கொண்டு வந்தது. முதலில் அடுத்ததைத் திறந்து, பதில் வாங்கி, அரை நிமிடம் விட்டு, பிறகு பழையதை மூட வேண்டும். கடைசி வால்வானால் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் மூட வேண்டும். இதையும் தாண்டித் தப்பு நடந்தால் மோட்டாரை நிறுத்த ஒரு பிரஷர் ஸ்விட்ச் போடுங்கள். அது ரேடியோவை நம்பாமல் ஸ்டார்ட்டரோடு நேரடியாக இணைந்திருக்கட்டும். கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாகப் போடுகிற ஆட்டோவை ஸ்டார்ட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்; வால்வு திறந்த பிறகே மோட்டார் எடுக்க வேண்டும். மோட்டாரைப் போடுகிற பச்சைப் பட்டனுக்கு இணையாக ஒரு ரிலே (பெட்டி இயக்குகிற சுவிட்ச்), நிறுத்துகிற சிவப்புப் பட்டனோடு தொடராக ஒரு ரிலே. அந்த வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். அங்கே இருப்பது 415 வோல்ட்.

'திறந்துவிட்டேன்' என்று பெட்டி பதில் சொல்லும். அதற்கு, 'கரண்ட் கொடுத்தேன்' என்பதுதான் அர்த்தம், தண்ணீர் போனது என்று அர்த்தமில்லை. இந்த வால்வுக்குள் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. ஒரு மணல் அடைத்தாலும் திறக்காது, சில நேரம் மூடாது. டிஸ்க் ஃபில்டரை வாரம் தவறாமல் கழுவுங்கள். நான் மெயின் லைனில் ஒரு வாட்டர் மீட்டர் வைத்திருக்கிறேன். ஒரு பகுதிக்கு மணிக்கு 2,800 லிட்டர் அளவுக்குப் போக வேண்டும். குறைந்தால் அடைப்பு; கூடினால் எங்கோ லேட்டரலை, அதாவது மரங்களுக்குப் போகிற கிளைக் குழாயை, பன்றி கடித்துவிட்டது. ஒரே மீட்டர் ஐந்து ஏக்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறது.

செய்து பார்க்க நினைக்கிறவர்கள் ஒரே ஒரு வால்வில் தொடங்குங்கள். பழைய கேட் வால்வைக் கழற்றி எறிய வேண்டாம், அதே லைனில் இருக்கட்டும். பெட்டிக்கு வயர் நுழைகிற துளையை சிலிகான் வைத்து அடையுங்கள், இல்லையென்றால் எறும்பு குடிவந்துவிடும்.

எல்லாம் முடிந்து அப்பாவிடம் செல்போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி கண்ணு, தண்ணி நெசமாப் போகுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அன்றைக்கே எங்கள் தோட்டத்து வீடான சாளையிலிருந்து தெரிகிற மாதிரி மோட்டார் ரூம் சுவரில் நான்கு விளக்கு வைத்தேன். வால்வு சொல்கிற பதிலை வைத்து அவை எரியாது. அந்தப் பகுதிக்கு உரிய அளவு தண்ணீர் மீட்டரில் ஓடினால்தான் எரியும். இப்போது ராத்திரி விழிப்பு வந்தால் அப்பா கட்டிலில் இருந்தபடியே எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

நன்றி, வணக்கம்.