38 ஸ்டூடியோஸ்: ஒரு மாநிலமே கடன் வாங்கிக் கொடுத்த கேம் கம்பெனி

[திரையில்: பேஸ்பால் மைதானம், 38ன்னு எழுதின ஜெர்ஸி]

கர்ட் ஷில்லிங், அமெரிக்க பேஸ்பால் வீரர். 2004-ல பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி பேஸ்பால் உலகத் தொடரை ஜெயிச்சப்போ பந்து வீசினவர். மேட்ச் இல்லாத நேரத்துல எவர்க்வெஸ்ட் ஆன்லைன் கேம்தான் அவருக்கு உலகம். 2006-ல மாசசூசெட்ஸ்ல சொந்தமா கேம் கம்பெனி தொடங்கினார். அப்புறம் தன்னோட ஜெர்ஸி நம்பரையே அதுக்குப் பேரா வெச்சார்.

அந்தக் கம்பெனி பிறந்ததே ஒரு எம்எம்ஓ-வுக்காக. ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துல சேர்ந்து ஆடுற கேம். உள்ளுக்குள்ள அதுக்குப் பேரு காபர்னிகஸ். கதை உலகத்துக்கு நாவலாசிரியர் ஆர். ஏ. சால்வடோர், ஓவியத்துக்கு ஸ்பான் காமிக்ஸ் டாட் மக்ஃபார்லேன். ஆளுங்களைப் பிடிச்சதுல குறையே சொல்ல முடியாது.

ஆனா எம்எம்ஓ-வைப் பாதி முடிச்சுட்டு விக்க முடியாது. ஊரு, இனம், சண்டை, சர்வர் எல்லாம் தயாரானாத்தான் முதல் ரூபா உள்ள வரும். அதுவரைக்கும் வருஷக்கணக்கா சம்பளம் மட்டும் வெளிய போய்க்கிட்டே இருக்கும்.

2010-ல ரோட் ஐலண்ட் மாநிலம் 7.5 கோடி டாலர் கடனுக்குப் பின்னால நின்னுச்சு. பதிலுக்கு கம்பெனி மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸுக்கு வரணும், 450 பேருக்கு வேலை தரணும். அவ்வளவு சின்ன மாநிலம் ஒரே கேம் கம்பெனியை நம்பி இவ்வளவு பெரிய தொகையில இறங்கினது எனக்கு இன்னிக்கும் பிடிபடல. அதுலயும் பிடித்தம் எல்லாம் போக கம்பெனி கைக்கு வந்தது சுமார் 5 கோடிதான்.

[திரையில்: அமலூர் கேம் காட்சிகள்]

பிப்ரவரி 2012. கிங்டம்ஸ் ஆஃப் அமலூர்: ரெக்கனிங் வந்துச்சு. இது காபர்னிகஸ் இல்ல. 38 ஸ்டூடியோஸ் 2009-ல விலைக்கு வாங்கின பிக் ஹியூஜ் கேம்ஸ் செஞ்ச, தனியா ஆடுற கேம். 10 லட்சம் காப்பிக்கு மேல வித்துச்சு. நல்ல கேமும்கூட. ஆனா வெளியிட்டது ஈஏ-ங்கிற பெரிய கேம் வெளியீட்டுக் கம்பெனி. வித்த காசு அத்தனையும் 38-க்கு வந்துடாது. காபர்னிகஸ் தின்ன வேகத்துக்கு அது ஈடுகொடுக்கல.

மே 1, கட்ட வேண்டிய 11.25 லட்சம் டாலர் தவணை தவறிச்சு. மே 15, சம்பளம் வரல. மே 24, எல்லாருக்கும் வேலை போச்சு. ஜூன்ல திவால்.

இதுல ரொம்ப மோசமா அடி வாங்கினது கம்பெனிக்காக ஊர் மாறி வந்தவங்கதான். பழைய வீட்டை நாங்க பார்த்துக்கிறோம்னு கம்பெனி சொல்லியிருந்துச்சு. மூடினப்புறம் பார்த்தா, சிலரோட வீட்டுக் கடன் இன்னும் அவங்க பேர்லயே இருந்துச்சு.

மாநிலம் வழக்குப் போட்டு சுமார் 6.1 கோடி டாலர் சமரசப் பணம் வாங்கிச்சு. வட்டியோட சேர்த்துப் பார்த்தா அது பத்தல. மிச்சம் வரி கட்டினவங்க தலையில. அமலூர் உரிமையை 2018-ல டிஎச்க்யூ நோர்டிக்ங்கிற கேம் கம்பெனி வாங்கி, 2020-ல மெருகேத்தி மறுபடி வெளியிட்டுச்சு. காபர்னிகஸை மக்கள் யாரும் ஆடிப் பார்க்கவே இல்ல.