எட்டு நிமிட நூடுல்ஸ்: ‘பாரசைட்’டை மறுபடியும் பார்த்தேன்

வணக்கம். இன்று சமையலறையிலிருந்தே பேசுகிறேன். நடுவில் குக்கர் விசில் கேட்டால் அது பக்கத்து வீடு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மேடையில் இரண்டு நூடுல்ஸ் பாக்கெட்டுகள் இருக்கின்றன, தெரிகிறதா? கொஞ்சம் அருகே காட்டுகிறேன். இது சாப்பாகெட்டி. சோயாவைப் புளிக்கவைத்த கறுப்பு விழுதில் கிளறுவது. இன்னொன்று நோகுரி. நூடுல்ஸ் தடிமனாக இருக்கும், கடல் உணவின் வாசனையோடு காரமாக இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஜாப்பாகுரி. கொரியாவில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்து தின்கிற மலிவான தீனி. ‘பாரசைட்’ படத்தில் மழை கொட்டும் அந்த இரவில், பணக்கார வீட்டு அம்மா காரிலிருந்து போன் செய்து, வீடு வந்து சேர எட்டு நிமிடம் ஆகும், அதற்குள் செய்து வை என்று சொல்கிறாரே, அது இதுதான்.

படத்தின் கதையை முழுக்கச் சொல்லித்தான் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் காணொளியை இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆங்கிலச் சப்டைட்டிலில் இந்த உணவுக்கு ‘ராம்-டான்’ என்று பெயர். ராமென், உடோன் என்ற இரண்டு நூடுல்ஸ் பெயர்களை ஒட்டி மொழிபெயர்ப்பாளர் டார்சி பாக்வெட் உருவாக்கிய சொல் அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பாக்கெட்டுகளின் பெயரைச் சேர்த்து உண்டான பெயரை இரண்டு நொடியில் வேறெப்படித்தான் சொல்வது? ஆனால் முதல் தடவை பார்த்தபோது ராம்-டான் என்பது ஏதோ பெரிய ஓட்டல் பதார்த்தம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா அதன்மேல் ‘ஹன்வூ’ போடச் சொல்கிறார். கொரிய நாட்டு மாட்டின் இறைச்சி, விலை மிக அதிகம், அதிலும் நல்ல பாகம். குழந்தைத் தீனியின் தலையில் அதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். மற்றவர்கள் தின்கிற அதே பாக்கெட்டை, மற்றவர்கள் வாங்க முடியாத ஒன்றை மேலே போட்டுத் தின்கிறார்கள். நகைச்சுவை அங்கே இருக்கிறது. எனக்கு அது முழுக்கத் தவறிப்போனது.

இன்றைய பேச்சு அப்படித் தவறிப்போனவற்றைப் பற்றியது.

விருதுக் கதை உங்களுக்குத் தெரியும். 2019 மே மாதம் கான் விழாவில் தங்கப்பனை. 2020 பிப்ரவரியில் நான்கு ஆஸ்கர், அதில் சிறந்த படமும் ஒன்று. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழிப் படம் அதை வாங்கியது அதுவே முதல் தடவை. ‘கொரியாவைப் பற்றிய படம் என்றா நினைத்தீர்கள், இது நம் எல்லோரையும் பற்றியது’ என்பதுதான் மேற்கத்திய விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வந்த கருத்து. இயக்குநர் போங் ஜூன்-ஹோவும் அதற்கு இடம் கொடுத்தார். நாம் எல்லோரும் முதலாளித்துவம் என்ற ஒரே நாட்டில்தான் வாழ்கிறோம் என்று பேட்டியில் சொன்னார். ஆனால் கானுக்குப் போகும் முன்பு கொரியாவில் அதே மனிதர் பேசியது வேறு. படம் கொரிய விவரங்களால் நிறைந்தது, வெளிநாட்டுக்காரர்களுக்கு நூற்றுக்கு நூறு புரியாது என்றார்.

விளம்பரத்துக்காக மாற்றிப் பேசினார் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டுமே உண்மைதான். முதலாவதை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது.

சரி, தண்ணீர் கொதிக்கட்டும். அதுவரை வீட்டைப் பற்றிப் பேசுவோம்.

பொய் சொல்லி ஒவ்வொருவராகப் பணக்காரப் பார்க் வீட்டில் வேலைக்குச் சேர்கிற கிம் குடும்பம் இருக்கிற மாதிரி வீட்டுக்குப் பெயர் பான்ஜிஹா. பாதி தரைக்குக் கீழே, பாதி மேலே. சன்னல் தெருவின் மட்டத்தில் இருக்கும். 1968-இல் வட கொரியக் கமாண்டோக்கள் சியோலுக்குள் புகுந்து அதிபர் மாளிகையைத் தாக்க வந்தார்கள். அந்தப் பதற்றத்துக்குப் பிறகு, 1970-இல், புதிதாகக் கட்டும் சிறிய குடியிருப்புகளில் நிலவறை வேண்டும் என்று கட்டட விதி வந்தது. போர் வந்தால் பதுங்குவதற்கு. அதை வாடகைக்கு விடக் கூடாது என்றுதான் முதலில் இருந்தது. ஊர் பெருத்தது, வீட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது, 1980-களில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பதுங்குகுழிக்குள் அடுப்பும் படுக்கையும் வந்தன. ஆங்கிலத்தில் ‘செமி பேஸ்மென்ட்’ என்று எழுதியபோது இந்தக் கதை அத்தனையும் போய்விட்டது. அவர்கள் குடியிருப்பது நாட்டின் ஒரு பழைய பயத்துக்குள். பணக்கார வீட்டின் அடியிலும் இதே பயத்துக்காகக் கட்டிய ஓர் அறைதானே இருக்கிறது!

அடுத்தது கேக். ஆமாம், கேக்தான். அடித்தள அறையில் ஒளிந்திருக்கும் குன்-சே கடனாளியானது தைவான் காஸ்டெல்லா கேக் கடை வைத்துத்தான். கிம் குடும்பத்து அப்பா கி-தேக்கும் அதே கடை வைத்து நொடித்தவர். கொரியாவில் 2016 வாக்கில் இந்தக் கேக் கடைகள் மழைக்காளான்போல முளைத்தன. 2017-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, இதில் எண்ணெயை அள்ளி ஊற்றுகிறார்கள் என்று காட்டியது. அத்தோடு வரிசையாகக் கடைகள் மூடின. சியோல் திரையரங்கில் ‘காஸ்டெல்லா’ என்ற ஒரு சொல் விழுந்ததும் எத்தனை பேருக்கு யார் யார் முகம் நினைவுக்கு வந்திருக்கும்! மாமா, அப்பா, பழைய மேலாளர். அங்கே உழைப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் சொந்தத் தொழில் செய்பவர். அமெரிக்காவில் பத்தில் ஒருவர்கூடக் கிடையாது. ஐம்பது வயதில் கம்பெனியிலிருந்து வெளியே வந்து, கையில் இருந்ததைப் போட்டுக் கோழிக்கடை வைப்பது அங்கே பெரும்பாலும் ஆசையால் அல்ல, வேறு வழி இல்லாததால்.

மேற்கில் எழுதியவர்களில் பலர் கிம் குடும்பத்தை ‘ஏழைகள்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். அந்த வீட்டுச் சுவரைப் பாருங்கள். அம்மா சுங்-சுக் சம்மட்டி எறிதலில் வாங்கிய வெள்ளிப் பதக்கம் தொங்குகிறது. மகன் நான்கு தடவை பல்கலைக்கழகத் தேர்வு எழுதியவர். மகளுக்குக் கணினியில் போலிச் சான்றிதழே வடிவமைக்கத் தெரிகிறது. ஒரு காவலாளி வேலைக்கு ஐந்நூறு பட்டதாரிகள் வந்து நிற்கிறார்கள் என்று கி-தேக் சொல்கிறார். இவர்கள் ஏணியிலிருந்து விழுந்தவர்கள். இன்னும் விழ இடமிருக்கிறது என்று தெரிந்தவர்கள்.

வாசனை விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. சுரங்க ரயிலில் போகிறவர்களிடம் ஒரு தனி வாடை உண்டு என்று திருவாளர் பார்க் மனைவியிடம் சொல்கிறார். நான் ஏறியே எத்தனையோ காலம் ஆயிற்று என்கிறார் அந்த அம்மா. நியூயார்க்கை விட்டால் அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் இருப்பவருக்கு இது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சு. சியோலில் தினமும் பல லட்சம் பேர் அதில்தான் வேலைக்குப் போகிறார்கள். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவரே அதில் வந்து இறங்கியவர்தான். முகர்ந்து பார்க்கக் குனிந்தால் தன் சட்டைதான் இருக்கும்.

இனி மொழி. இதில் நமக்கு, தமிழருக்கு, ஒரு வசதி உண்டு. கொரிய மொழியில் வினைச்சொல்லின் வாலிலேயே யார் மேல், யார் கீழ் என்பது தொங்கும். ஆங்கிலத்தில் எல்லோரும் ‘யூ’தான். ‘வா’வுக்கும் ‘வாருங்கள்’ என்பதற்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பார்க் வீட்டின் பழைய பணிப்பெண், குன்-சேயின் மனைவி முன்-குவாங், அடித்தளத்தில் மாட்டிக்கொண்டதும் சுங்-சுக்கை ‘ஒன்னி’ என்று கூப்பிட்டுக் கெஞ்சுகிறார். அக்கா! நாமெல்லாம் ஒரே மாதிரிக் கஷ்டப்படுகிறவர்கள்தானே, காட்டிக்கொடுக்காதே என்கிறார். நான் ஒன்றும் உன்னைப்போல் இல்லை, அக்கா என்று கூப்பிடாதே என்று சுங்-சுக் பாய்கிறார். கொலை நடக்கும் தோட்டக் காட்சியைவிட எனக்கு இந்த இடம்தான் பயமாக இருந்தது. ஒரு சொல்லில் உறவு நீள்கிறது, அதே சொல்லைத் தட்டிவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சில் முதலாளி, ஓட்டுநர், நிலவறைக்காரர் எல்லோருக்கும் நான் ‘ஆர்’ விகுதியே போடுகிறேன், கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான். ‘பார்க் வருகிறார், டிரைவர் வருகிறான்’ என்று நம் வாயில் தானாகவே வரும். எனக்கும் ஒத்திகையில் இரண்டு தடவை வந்துவிட்டது.

நூடுல்ஸைப் போட்டுவிடுகிறேன், இருங்கள்.

பணிப்பெண் என்றதும் ஒரு பழைய படம். 1960-இல் கிம் கி-யங் எடுத்த ‘தி ஹவுஸ்மெய்ட்’. போங் தனக்குக் கிடைத்த முன்னோடியாக வெளிப்படையாகச் சொல்லும் படம். மனைவி தையல் இயந்திரத்தில் முதுகொடிய உழைத்துக் கட்டிய மாடிவீடு, வீட்டுக்கு வரும் வேலைக்காரப் பெண், எலி விஷம், ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டுதான் ‘பாரசைட்’ வரைக்கும் நீண்டு வந்திருக்கிறது. கண் அப்போது வீட்டுக்காரரின் பக்கம் இருந்தது, கீழே இருப்பவர் ஏறி வந்துவிடுவாரோ என்று. அறுபது வருடத்தில் கேமரா படியிறங்கி வந்திருக்கிறது.

மேற்குப் பார்வையாளர்கள் பொய்யாக ரசித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் வருமான ஏற்றத்தாழ்வு கொரியாவைவிட அதிகம், அடி அவர்களுக்கும் விழுந்திருக்கும். சில இடங்களில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் கதவுமணியை அழுத்தும் முன் பொய் விவரத்தைப் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்வாரே, ‘ஜெசிகா, ஒரே மகள், இல்லினாய், சிகாகோ’ என்று. அமெரிக்காவில் அதைக் கைப்பேசி ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். மெட்டு எது தெரியுமா? டோக்டோ தீவு எங்கள் மண் என்று கொரியப் பிள்ளைகள் பாடும் தேசபக்திப் பாட்டு. வேலைக்காகச் சொல்லும் பொய்யை நாட்டுப் பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஆஸ்கர் மேடையும் அப்படித்தான். சிறந்த படம் அறிவித்து, பேச்சு நடுவில் விளக்கு அணைந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் விளக்கைப் போடச் சொல்லிக் கூச்சலிட, மறுபடி எரிந்தது. பேச வந்தவர் மிக்கி லீ. சாம்சங்கைத் தொடங்கியவரின் பேத்தி, படத்துக்குப் பணம் போட்ட சிஜே குழுமத்தின் துணைத் தலைவர். வர்க்கத்தைப் பற்றிய படத்துக்கான கடைசி நன்றியை நாட்டின் மிகப் பெரிய பணக்காரக் குடும்பத்திலிருந்து வந்தவர் சொன்னார். அதேசமயம் இதையும் சொல்ல வேண்டும்: முன்னாள் அதிபர் பார்க் குன்-ஹே ஆட்சியில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கலைஞர்களின் கறுப்புப் பட்டியல் இருந்தது, போங்கும் நடிகர் சாங் காங்-ஹோவும் அதில் இருந்தார்கள். பெரும்பணம் இல்லாமல் இந்தப் படம் வந்திருக்குமா என்றால் வந்திருக்காது.

நம் ஊரிலும் அப்போது ஒரு கூத்து நடந்தது. 1999-இல் வந்த ‘மின்சார கண்ணா’வின் கதையைத்தான் எடுத்துவிட்டார்கள் என்று தயாரிப்பாளர் ஒருவர் வழக்குப் போடுவதாகச் சொன்னார். அங்கே குடும்பமே வேடம் போட்டு உள்ளே நுழைவது காதலுக்காக. இங்கே சோற்றுக்காக. மேலே பேச ஒன்றுமில்லை.

இதைவிட எனக்கு உறுத்தியது 2021-இல் வந்த ‘ஸ்க்விட் கேம்’ தொடருக்கு நடந்தது. கடனாளிகள் பரிசுப் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாடும் கொரியத் தொடர் அது. அதன் நாயகன் கார் தொழிற்சாலையிலிருந்து விரட்டப்பட்டவர். 2009-இல் பியாங்டேக்கில் சாங்யோங் கார் நிறுவனத் தொழிலாளர்கள் 77 நாள் ஆலைக்குள்ளேயே நடத்திய போராட்டம்தான் அதன் பின்னணி. 2023-இல் அந்தத் தொடரை வெளியிட்ட நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே 456 நிஜ மனிதர்களை அதே பச்சை உடையில் நிறுத்தி, 45 லட்சம் டாலருக்கு மேல் பரிசு வைத்துப் போட்டி நடத்தியது.

2022 ஆகஸ்ட் 8 இரவு சியோலில் பெருமழை. சில்லிம்-தோங் பகுதியில் ஒரு பான்ஜிஹாவுக்குள் தண்ணீர் புகுந்து, வெளியே வர முடியாமல் ஒரே குடும்பத்தில் மூவர் இறந்தார்கள். வெளிநாட்டுச் செய்திகளில் ‘பாரசைட் படத்தில் வருவது போன்ற வீடு’ என்று எழுதினார்கள். ‘பான்ஜிஹா’ என்ற சொல்லை அப்படியே போட்டவர்களும் உண்டு.  இந்த வீடுகளைப் படிப்படியாக ஒழிப்போம் என்று மாநகராட்சி அறிவித்தது. ஒழித்தால் எங்கே போவது, வேலைக்குப் பக்கத்தில் இந்த வாடகைக்கு வேறு எது கிடைக்கும் என்று குடியிருப்பவர்கள் கேட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் படம் எடுத்த படிக்கட்டையும் மளிகைக் கடையையும் சுற்றுலாப் பாதையாக விளம்பரப்படுத்தியிருந்தார்கள்.

அடடா, நூடுல்ஸ்! எட்டு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது, ஊறிப் போயிருக்கிறது. நம்மிடம் ஹன்வூ இல்லை, ஒரு முட்டையைப் பொரித்து மேலே போடுகிறேன். படத்தில் அந்தப் பையனுக்காகத்தான் செய்யச் சொன்னார்கள். அவன் தொடவே இல்லை, அம்மாதான் சாப்பிடுவார். அடுத்த தடவை பார்க்கும்போது அவர் சாப்பிடுவதைக் கவனியுங்கள், எவ்வளவு ரசித்துச் சாப்பிடுகிறார் என்று. நான் சாப்பிடப் போகிறேன்.